நம் தெருவை நானே அடைக்கப் போகிறேன்

தூங்கும் உன்னை எழுப்ப மனம் வரவில்லை என்று எழுதினால் அது பொய். எழுப்பினால் போக விடமாட்டாய் என்ற பயம்தான்.

கொரோனா பட்டியலில் நம் தெரு மஞ்சளிலிருந்து சிவப்புக்கு மாறிவிட்டதாம். மேஸ்திரி இப்போதுதான் போனில் சொன்னார். விடிந்ததும் இரண்டு முனையையும் தகரம் வைத்து அடைக்க வேண்டும். அடைப்பது வேறு யார், எங்கள் ஆட்கள்தான். அதன்பிறகு உள்ளே இருப்பவர் வெளியே வர முடியாது, வெளியே இருப்பவர் உள்ளே வர முடியாது. நான் வேலை செய்யும் ஷெட்டிலேயே படுத்துக்கொள்வேன்.

பால் காய்ச்சி மூடி வைத்திருக்கிறேன். மாடிப்படிக் கைப்பிடியைத் தொடாதே, மேல்வீட்டு டெய்லரை அந்த வழியாகத்தான் தூக்கிப் போனார்கள். என் சாவியை ஆணியில் மாட்டிவிட்டேன். எனக்கு இனி எதற்கு?

"பாப்பா இருமுறாளே, உங்களுக்குக் காது கேக்கலையா?" என்று நேற்று கத்தினாயே. கேட்டது. பயத்தில்தான் "சும்மா தூசி" என்று எரிந்து விழுந்தேன்.

குப்பைத்தொட்டிப் பக்கம் கடைசித் தகரத்துக்கு ஆணி அடிக்க மாட்டேன், சாய்த்து மட்டும் வைப்பேன். பாப்பாவுக்கு மூச்சு வாங்கினால் அதைத் தள்ளிவிட்டு ஓடி வந்துவிடு. யாரிடமும் மூச்சு விடாதே.

செருப்பு மாட்டும்போதுதான் உறைத்தது. அந்தத் தகரத்தைத் தாண்டினால் முதல் வீடு உன் அக்கா வீடு. கைக்குழந்தை இருக்கிற வீடு. ஆணி அடித்துவிடுவேன். ஏதாவது என்றால் உடனே ஆம்புலன்சைக் கூப்பிடு, அதற்கு மட்டும் திறப்பார்கள். என்னைத் திட்டிக்கொள்.

சுத்தியல் சத்தம் கேட்டதும் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கு வா. அடிப்பது நான்தான்.