கூலிகளிடம் மட்டும் கேட்கிற கேள்வி

மார்ச் 5, 1931. வியாழன்

காலையிலிருந்து புழுக்கம். ரயில்வே ஆபீசில் கிராணிகள் எங்களுக்குள் அதே பேச்சு: இந்த மாதம் யாருக்குச் சீட்டுக் கிழியும். மாலையில் இடி, மழை. குடை ஆபீசிலேயே. முட்டாள்.

பிரிக்பீல்ட்ஸ் கோயிலில் லெந்து தவக்காலக் கூட்டம். உபதேசியார் பிரசங்கம்: உள்ளுக்குள் எதை வளர்க்கிறாயோ கடைசியில் அதுவாகவே ஆகிவிடுவாய். சரிதான். ஆனால் என் கண் முழுக்கப் பின்பெஞ்சின் மேல். தண்டவாளக் கூலிகள் உட்காரும் பெஞ்சு. முன்பெஞ்சில் அவர்களை வேலை வாங்கும் மண்டோர் சாமுவேல், தலையை ஆட்டி ஆட்டி. போன வாரம் சம்மட்டி காணோம் என்று கூலி யேசடியானை ரொத்தான் பிரம்பால் விளாசியவர். சம்மட்டி பிறகு அவர் தள்ளுவண்டியிலேயே கிடந்தது. அதைப் பற்றிப் பிரசங்கத்தில் ஒரு சொல் இல்லை.

வாங்க: சோப்பு, மசி, அம்மாவுக்கு ஓமம்.

மார்ச் 7, சனி

பேர் கொடுக்கும் நாள். நாளை திருவிருந்து; பாதிரியார் மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவார். பந்திக்கு வருகிறவர்கள் இன்றே உபதேசியாரிடம் பேர் சொல்ல வேண்டும். மனதில் பகை இருந்தால் பேர் ஏறாது.

யேசடியானின் பெண்குழந்தைக்கு நாளை ஞானஸ்நானம். தகப்பன் பந்தியில் இல்லையென்றால் பிள்ளைக்கும் இல்லை. உபதேசியார் சட்டம். குழந்தை காய்ச்சலில் குச்சியாகக் கிடக்கிறது. மாமியார் வெள்ளைக் கவுன் தைத்துக்கொண்டு கிள்ளான் தோட்டத்திலிருந்து வந்தாயிற்று.

வரிசையில் எனக்கு முன்னால் யேசடியான்.

"மனசில யார் மேலயாவது கசப்பு இருக்காப்பா?"

"இருக்குங்க. மண்டோர் மேல."

"மன்னிச்சிட்டேன்னு சொல்லு, போதும்."

"இன்னும் மன்னிக்கலீங்களே. ராத்திரி ஜெபம் பண்ணா போயிடுது. காலையில முதுகு வலிக்கறப்ப திரும்ப வந்துடுது."

"அப்ப அடுத்த மாசம் பாப்போம்."

வெளியே இழுத்துப்போய்த் திட்டினேன். "ஒரு பொய் சொன்னா என்ன? பிள்ளைக்காகய்யா!"

"பொய் சொல்லி வாங்கற ஞானஸ்நானம் அதுக்கு எதுக்கு கிராணியாரே?"

எரிச்சல். இவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

உள்ளே போனேன். என் பேர் ஏற்கெனவே ஏறியிருந்தது. அதற்கு மேலே மண்டோர் பேர்.

"என்னை ஒன்னும் கேக்கலையே?"

"உங்களையெல்லாம் கேக்கணுமா தம்பி! நல்ல குடும்பம்."

"மண்டோரைக் கேட்டீங்களா?"

சிரித்தார். கேட்கவில்லை. அடித்தவருக்குக் கேள்வி இல்லை, அடிபட்டவனுக்குப் பரீட்சை. நல்ல வேதம்.

"என்னையும் கேளுங்க" என்றேன். நகரவில்லை. பின்னால் வரிசை முணுமுணுத்தது. வேண்டாவெறுப்பாகக் கேட்டார்.

"இருக்கு. மண்டோர் மேல. இப்ப உங்க மேலயும்."

சிரிப்புப் போயிற்று. பேரை அடித்தார். அப்பாவுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். இன்று சாப்பாட்டில் யாரும் என்னோடு பேசவில்லை. ஓமம் மறந்தேன்.

மார்ச் 8, ஞாயிறு

வெயில். கோயில் வாசலில் யேசடியான், மனைவி, மாமியார். குழந்தை பழைய துணியில். கவுன் மாமியார் கையில் மடித்தபடி. எதற்கு எடுத்து வந்தாளோ.

மண்டோர் வந்தார். புதுக் கோட்டு. "என்னப்பா, பிள்ளைக்கு இன்னிக்குத்தானே?"

"இல்லீங்க. உங்க மேல கோவம் இன்னும் போகல. அதான் எனக்குப் பேர் இல்ல. அதுக்கும் இல்ல."

குரலை உயர்த்தவே இல்லை. தண்டவாள அளவு சொல்கிற மாதிரி சொன்னான். மண்டோர் குழந்தையைப் பார்த்தார். உள்ளே போனார், முன்பெஞ்சுக்கு. நினைத்ததுதான்.

நான் பின்பெஞ்சில், யேசடியான் பக்கத்தில். அப்பா திரும்பித் திரும்பி முறைத்தார்.

பந்திக்கு அழைத்தார்கள். முன்பெஞ்சு முழுக்க எழுந்தது. மண்டோரும் எழுந்தார். மற்றவர்கள் பீடத்துக்குப் போனார்கள். அவர் திரும்பி நடுவழியே நடந்து வந்து எங்கள் பெஞ்சின் ஓரத்தில் நின்றார்.

நான் நகரவில்லை. யேசடியான் நகர்ந்து இடம் விட்டான்.