நீர்முனைக் கோட்டைக்கு இனி யார் சான்று?

மழை பிழையாது பெய்க. ஆறு கரை மீறாது ஓடுக. முறை தவறிய கோல் முறிந்து வீழ்க.

தாழைநாட்டின் கடற்றுறைகளுக்கும் மலைவாயில்களுக்கும் உரிமை பூண்ட அரசி வெண்ணிக்கோதை, நீர்முனைக் கோட்டையின் தலைவரும், எம் தந்தையார் கையால் வீரக்கழல் பெற்றவரும், காவற்சிங்கம் என்று தம்மைத் தாமே அழைத்துக்கொள்பவருமாகிய மாநாகனார்க்கு விடுக்கும் ஓலை. உமக்கும் உம் மனையோர்க்கும் நலம் உண்டாகுக. உம் மதிலுக்குள் வாழும் குடிகளுக்கும் நலம் உண்டாகுக என்று எழுதவே எம் கை முந்தியது. அவர்களிற் பலர் இன்று அங்கில்லை என்பது நினைவில் எழ, எழுத்தாணி நின்றது.

கோட்டைத்தலைவர் ஒவ்வொருவரும் தம் காவலைத் தாமே ஆராய்ந்து, குறையில்லை என்று தம் இலச்சினையிட்டு ஆண்டுதோறும் எழுதியனுப்புவது இந்நாட்டு வழக்கம். அவ்வழக்கை நம்பியே, கடற்கொள்ளையர் வருகின்றனர் என்ற செய்தி எட்டியபோது, உம் நற்சான்றைக் கரையோர ஊர்களிலெல்லாம் முரசறைந்து படிக்கச் செய்தோம். நீர்முனையில் எலி நுழையவும் வழியில்லை என்று எழுதியிருந்தீர். அச்சொல்லைக் கேட்டு மீனவரும் உப்பு விளைப்போரும் பிள்ளைகளைத் தோளிலேற்றிக்கொண்டு உம் கோட்டைக்குள் வந்து புகுந்தனர்.

கொள்ளையர் மதிலேறவில்லை, வாயிலை உடைக்கவுமில்லை. கோட்டையின் கழிநீர் கடலில் விழும் சுருங்கை வழியே, குனியவும் தேவையின்றி நடந்து வந்தனர். அதனை அடைத்திருந்த இரும்புக் கம்பிகள் துருவேறி உதிர்ந்து நெடுங்காலம் ஆயிற்றாம். விடியலில் அடுப்பு மூட்ட எழுந்த பெண்களே முதலில் பிடிபட்டனர்.

உப்பு விளைக்கும் சேந்தி என்பாள் எம் அவைக்கு நடந்தே வந்தாள். அவள் வணங்கவில்லை; யாமும் அதனை எதிர்பார்க்கவில்லை. ஊரிலேயே இருந்திருந்தால் புதர்க்காட்டுள் ஓடி ஒளிந்து பிழைத்திருப்போம் என்றும், அரசியின் முரசு அழைத்ததால் அன்றோ மகளைக் கைப்பிடித்துக் கூட்டிச்சென்று கூண்டுக்குள் அமர்ந்தோம் என்றும் சொன்னாள். கோட்டைத்தலைவரின் சொல்லை முரசறையுமுன் அரசி யாரைக் கொண்டு சோதித்தார் என்றும் வினவினாள். யாரையும் கொண்டு யாம் சோதிக்கவில்லை என்பதே உண்மை. எம் கலங்கள் கொள்ளையரைத் துரத்திச் சென்று சிறைப்பட்டோரிற் பலரை மீட்டன. சேந்தியின் மகள் பூவந்தி அவர்களுள் இல்லை.

இத்தனைக்கும் பின் நீர் செய்தது யாது? பகைவர் வஞ்சகர் என்று பழித்து எழுதினீர். சுருங்கை செப்பனிடப்பட்டது, காவல் முன்னினும் வலிது என்று மற்றுமொரு நற்சான்றை, அதே இலச்சினையிட்டு, எமக்கே அனுப்பினீர்! மண்ணில் சிந்திய குருதி காயுமுன் அதன்மேல் மாக்கோலம் இடத் துணிந்த கை, மாநாகனாரே, எத்தகைய கை?

இம்முறை யாம் முரசறையவில்லை. எம் தங்கை அணிநங்கையை அனுப்பினோம். நண்பகலில் வீரர் சிலரோடு அச்சுருங்கைக்குள் புகுந்தவள், தடுப்பாரின்றி நடந்து, நீர் விருந்துண்டுகொண்டிருந்த கூடத்தின் முற்றத்தில் வந்து நின்றாள். கம்பிகள் இருக்கவேண்டிய இடத்தில் மூங்கில் தட்டி ஒன்றைக் கட்டி, இரும்பெனத் தோன்றக் கரி பூசி வைத்திருந்தீராம். காலால் உதைக்கவே அது சாய்ந்ததாம். நீரோ எச்சிற்கையோடு எழுந்து, முன்னறிவியாது வருதல் அரச மரபன்று என்று அவளைக் கடிந்தீராம். கொள்ளையர் முன்னறிவித்தா வந்தனர்?

உம் கோட்டையை உம்மினும் நன்கறிந்தார் யார் என்றும் கேட்டீராம். அறிந்திருந்தீர் என்பதே எம் சினம்! அறியாது பிழை செய்தவரைப் பொறுக்கலாம். ஓட்டையை அறிந்து அதற்குக் கரி பூசியவரை எவ்வாறு பொறுப்போம்? அயலார் வந்து ஆராய்வது உம் குலத்துக்கு இழிவு என்றீராம். அவ்விழிவை எம் குலமே முதலில் ஏற்றது. அயலார் எம் அரண்மனையை ஆராய்ந்தனர். தெற்கு வாயிலின் தாழ் ஒரு சிறு குச்சிக்கே திறந்துகொண்டது. அவர்கள் அதனை எழுதித் தந்த ஓலையை மன்றில் உரக்கப் படிக்கச் செய்தோம். முகம் சுட்டது, ஆயினும் பொழுது சாயுமுன் கொல்லரை அழைத்தோம்.

ஆதலின் அறிக. இன்றுமுதல் தம் காவலுக்குத் தாமே உரைக்கும் சான்று இந்நாட்டில் செல்லாது. கோட்டைத்தலைவரிடம் உறவோ உணவோ கொடையோ கொள்ளாத ஆய்வாளர், தாம் விரும்பிய பொழுதில் வந்து, தொட்டும் தட்டியும் அசைத்தும் பார்த்து எழுதுவதே சான்று. சோதியாது முரசறைந்த பிழை எமதுமாதலின், எம் குருதியான தங்கையும் அப்பணிக்கு ஆகாள்.

இவ்வோலையைக் கொணர்ந்தவர் தூதர் அல்லர். மலைநாட்டில் மதில் கட்டிப் பெயர்பெற்ற எயினாத்தியார் என்பவர் அவர். நீர் இதனைப் படிக்கும்போது உம் எதிரே நிற்பவர். இருக்கை இட வேண்டா. விருந்துக்கும் அழைக்க வேண்டா. அவர் எழுதும் சொல்லே நீர் அக்கோட்டையில் இருப்பதையும் நீங்குவதையும் முடிவுசெய்யும்.

சேந்தி கேட்டிருக்க அவையில் எழுதி, தாழைமலர் இலச்சினை இட்டோம். அவள் மகளைத் தேடிச் சென்ற கலங்கள் இன்னும் திரும்பவில்லை.

எழுந்து, திறவுகோல்களை எயினாத்தியார் கையில் கொடும். இது ஆணை.