மத்தியானம் மட்டும் காணாமல் போன கோடுகள்

786

கோட்டைமேடு,
கோயமுத்தூர்.
27-12-1999

அன்பு மகன் ஜபருல்லாவுக்கு, அம்மா உம்மல் குல்சும் சொல்லச் சொல்ல உன் தங்கச்சி சமீரா எழுதுகிறாள். அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எங்களுக்கு நோன்பு வைக்கிற அளவுக்கு உடம்பில் தெம்பு இருக்கிறது, அதே தெம்பு உனக்கும் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்தக் குளிரில் சஹருக்கு எழுந்து என்னத்தைச் சாப்பிடுகிறாய், ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தின்றுவிட்டுப் படுத்துக்கொள்கிறாயோ என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை. இங்கே பெருநாளுக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கிறது. அத்தா போனதிலிருந்து நான் இருக்கிற இத்தா, நாலு மாசம் பத்து நாள், முடிய மாசி பிறக்க வேண்டும், அதுவரைக்கும் மாடியில் இந்த ஜன்னலும் நானும்தான். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன் கண்ணு, வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறாயே, அந்த ராஜினாமாக் கடிதத்தை இதை முழுக்கப் படித்து முடிக்கும் வரைக்கும் யார் கையிலும் கொடுத்துவிடாதே. இதைத்தான் சமீரா போன வாரம் கம்ப்யூட்டரில் இரண்டு வரியாகத் தட்டி அனுப்பினாள், கிடைத்திருக்கும். மீதியையும் அதிலேயே சொல்லலாம்தான், ஆனால் அதில் தமிழ் இல்லை, இங்கிலீஷ் எழுத்தில் அம்மா என்று தட்டுவதற்குள் நான் என்ன சொல்ல வந்தேன் என்பதே மறந்துபோகிறது. அந்த மெயில் கணக்கைத் திறக்கிற ரகசிய எழுத்தும் கம்ப்யூட்டர் சென்டர் எழிலுக்குத் தெரியும். நல்ல மனுஷன்தான், இருந்தாலும் நம் வீட்டுப் பேச்சு நமக்குள் இருக்கட்டும்.

நீ கம்ப்யூட்டரில் எழுதியதெல்லாம் எனக்கு வந்து சேர்ந்து இன்றைக்கு ஒரு வாரம்தான் ஆகிறது. இத்தனை நாளாக அம்மா படித்துவிட்டுத்தான் பேசாமல் இருக்கிறார்கள், கோபமாக இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு அங்கே ஒண்டியாக உட்கார்ந்திருந்தாயே, அதை நினைத்தால்தான் தாங்க முடியவில்லை. என்ன நடந்தது என்று கேள். நம் பாத்திரக் கடை டெலிபோனிலிருந்து சந்துக்குக் குறுக்கே வீட்டுக்குப் பேரலல் லைன் இழுத்தும், இரண்டு தடவையும் லோடு லாரி மேலே அடுக்கின அண்டாக்கள் ஒயரை அறுத்துக்கொண்டு போனதால்தானே நீ ஒயரே இல்லாமல் வேலை செய்யும் என்று அந்த வெள்ளைப் பெட்டியையும் மடியில் வைக்கிற கம்ப்யூட்டரையும் உன் சிநேகிதன் கையில் கொடுத்தனுப்பினாய். பெட்டியைக் கடையில் டெலிபோனோடு சேர்க்க வேண்டும், கம்ப்யூட்டருக்கு விலாவில் சீட்டுக்கட்டுச் சீட்டு மாதிரி ஒரு அட்டையைச் செருக வேண்டும், ரேடியோ மாதிரி பெட்டி அனுப்புவதை அட்டை வாங்கிக்கொள்ளும் என்று எழுதியிருந்தாய். எழில் வந்து ஒரு காலை நேரம் முழுக்க உட்கார்ந்து எல்லாவற்றையும் சரிசெய்தார். ஆனால் நான் இத்தாவில் இருக்கும்போது அன்னிய ஆண் மாடிக்கு எப்படி வருவது, அத்தாவோடு கூடப் பிறந்த உன் சின்னத்தாவே இப்போது படிக்கட்டுக்குக் கீழே நின்றுதான் அண்ணி என்று குரல் கொடுக்கிறார். அதனால் எழில் கடையில் நின்று பெட்டியை இந்த அலமாரி அந்த அலமாரி என்று நகர்த்தினார், சமீரா இங்கே ஜன்னலில் கம்ப்யூட்டரைத் தாம்பாளம் மாதிரி ஏந்திக்கொண்டு நின்றாள். திரையின் மூலையில் எத்தனை கோடு நிற்கிறது என்று இவள் சொல்ல வேண்டும். இவள் சங்கதி உனக்குத் தெரியாதா, சொன்னது பக்கத்தில் இருந்த எனக்கே கேட்கவில்லை. கடைசியில் கடை கூட்டுகிற ராசம்மாள் சந்து நடுவில் நின்றுகொண்டு, இவள் வாயைப் பார்த்துப் பார்த்து ஒரு கோடுங்க, ரெண்டு கோடுங்க, மூணு கோடுங்க என்று கூவினாள். அந்தப் பக்கமாகப் போன ஒரு ஆள் ஏலம் நடக்கிறதாக்கும் என்று நின்று, என்ன சாமானுங்க, என்ன ரேட்டுக்குப் போகுது என்று விசாரித்தாராம். நாலு கோடும் வந்த இடம் டெலிபோனுக்கு மேல் தட்டு, சந்துப் பக்கம் பார்த்த மாதிரி. அங்கேயே வைத்துவிட்டார்கள். அன்றைக்கே கிடைத்துவிட்டது என்று உனக்கு ஒரு வரியும் போட்டோம்.

மறுநாளிலிருந்து பிடித்தது தொல்லை. பகலில் டெலிபோன் கடை யாவாரத்துக்கு வேண்டும், திருப்பூர், ஈரோட்டுப் பார்ட்டிகள் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். ராத்திரி சின்னத்தா கரண்ட் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் கடையைச் சாத்துவார். ஆகவே அவர் லுஹர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போய்த் திரும்புகிற மத்தியான நேரந்தான் கம்ப்யூட்டருக்கு என்று பேசி வைத்திருந்தோம். காலையெல்லாம் நாலு கோடு நிற்கும். பாங்கு சொல்லி, சின்னத்தா பலகைக் கதவைச் சாத்திக்கொண்டு போனதும் பார்த்தால் ஒரு கோடுகூட இருக்காது. அவர் திரும்பி வந்ததும் நாலும் வந்துவிடும். எழிலுக்குச் சொல்லி அனுப்பினால் அவர் காலையில் வந்து பார்ப்பார், கோடெல்லாம் சுத்தமாக இருக்கும், ஒரு கோளாறும் இல்லையே என்பார். அட்டையைக் கழற்றிச் செருகிப் பார்த்தாயிற்று, அணைத்து அணைத்துப் போட்டாயிற்று, ரேடியோ அலை போகிற சேனலையும் மாற்றிவிட்டுப் போனார். பக்கத்தில் மத்தியானம் மட்டும் ஏதாவது மெஷின் ஓடுகிறதா, அது கெடுக்கும் என்று கேட்டார். உடனே ராசம்மாள் ஓடிப்போய்ப் பாலீஷ் பட்டறை அரங்கசாமியிடம் சொல்ல, அவரும் பாவம் ஒரு மத்தியானம் முழுக்க மோட்டாரை நிறுத்தி வைத்துவிட்டு, வந்துதுங்களா, இப்ப வந்துதுங்களா என்று வாசலில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தார். வரவில்லை. ராசம்மாள் சொல்கிறாள், ஏனுங்கம்மா, மத்தியானமானா அதுக்கும் கண்ணு சொக்குதாட்ட இருக்குதுங்க, நோம்பு புடிக்குதோ என்னமோ என்று. நீ போன் பண்ணிக் கேட்டபோது பெட்டி நன்றாக ஓடுகிறது என்று சின்னத்தா சொன்னாரே, அது பொய்யில்லை, அவர் கண்ணுக்கு முன்னால் அது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. மத்தியானச் சங்கதியைச் சொன்னால் தூரத்தில் இருக்கிற பிள்ளை சங்கடப்படும் என்று அதை மட்டும் விட்டுவிட்டார். நீயும் ராஜினாமாச் சங்கதியை அவரிடம் கேட்க முடியாது, கடையை நடத்துகிறவரே அவர்தானே, நீ வருகிறேன் என்றால் அவரைப் போகச் சொல்கிற மாதிரி ஆகிவிடும் என்று நீ யோசித்திருப்பாய்.

போன வாரம் வெள்ளகோவிலிலிருந்து ஒரு குடும்பம் தை மாசக் கல்யாணத்துக்குச் சீர்ப் பாத்திரம் எடுக்க வந்தது. எடுத்து முடிக்கும்போது பாங்கு சொல்லிவிட்டார்கள். பெரிய எவர்சில்வர் குண்டா ஒன்று குறைகிறது என்று அந்த அம்மா நிற்க, சின்னத்தா அவசரத்தில் டெலிபோன் தட்டில் தனியாக வைத்திருந்த குண்டாவை எடுத்துத் துடைத்துக் கொடுத்து அனுப்பிவிட்டுப் பள்ளிக்கு ஓடினார். அன்றைக்கு மத்தியானம் நாலு கோடும் அசையாமல் நின்றது. சமீரா தட்டினாள், பெட்டி தானாகவே போன் போட்டது, உன் கடுதாசிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. இவள் எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தாள். அம்மா எப்படி இருக்கீங்க என்று ஆரம்பிக்கிறது, பிறகு ஊருக்கே வந்துவிடட்டுமா என்று கேட்கிறாய், பிறகு ஏம்மா பதில் இல்லை என்று கேட்கிறாய், கடைசியில் ஜனவரி முடியும்வரை பார்ப்பேன், அம்மா ஒன்றும் சொல்லாவிட்டால் நானே எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன் என்கிறாய். நோன்புக் கஞ்சிக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருந்த ராசம்மாள் அரிவாள்மணையை மடக்கி வைத்துவிட்டு அழுதாள். மறுநாள் பாங்கு நேரத்தில் சமீரா கம்ப்யூட்டரோடு ஜன்னலிலேயே நின்று கடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னத்தா தட்டிலிருந்து புதுக் குண்டா ஒன்றை எடுத்து, பிஸ்மி சொல்லி, அந்த வெள்ளைப் பெட்டியின் மேல் பதனமாகக் கவிழ்த்தார். இங்கே கோடு ஒவ்வொன்றாக அவிந்தது. நாலு பேர் இருந்தால் தலை நிமிராத இந்தப் பெண், சின்னத்தா, குண்டாவை எடுங்க என்று போட்ட சத்தத்தில் சந்து முழுக்கத் திரும்பிப் பார்த்தது கண்ணு. சின்னத்தா பதறிப்போய்க் குண்டாவைத் தூக்கினார், நாலு கோடும் திரும்ப வந்துவிட்டது. இதை எழுதாதீங்கம்மா என்கிறாள், நான் எழுதத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். இரும்பு, எவர்சில்வர் எல்லாம் அந்த அலையை மறித்துவிடுமாம், பிறகு எழில் சொன்னார், குண்டா கவிழ்க்கிற ஆளை நான் பார்த்ததில்லைங்க என்று அவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

சின்னத்தாமேல் வருத்தப்படாதே. அன்றைக்குச் சாயங்காலம் படிக்கட்டுக்குக் கீழே வந்து நின்று, அண்ணி, கடையில ஆள் இல்லாத நேரத்துல எலி ஒயரக் கடிச்சுப்போடுமுன்னுதான் கவுத்து வெச்சேன், புள்ள அனுப்புன சாமானாச்சே என்று சொன்னார். கோழிக்குஞ்சைக் கூடை போட்டு மூடுகிற மாதிரி தினமும் மூடி மூடித் திறந்திருக்கிறார். இப்போது மூங்கில் கூடை வாங்கிக் கவிழ்த்திருக்கிறார், அதில் கோடு குறைவதில்லை.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். அத்தாவை அடக்கம் செய்ய நான் இல்லையே என்று ஒவ்வொரு கடுதாசியிலும் எழுதியிருக்கிறாய். விசா நீட்டிக்கக் கொடுத்த பாஸ்போர்ட் கைக்கு வராமல் நீ எதில் ஏறி வருவாய். ஜமாஅத்துக்காரர்கள் வந்து மகனுக்காக அடக்கத்தை நிறுத்தி வைக்கட்டுமா என்று கேட்டபோது வேண்டாம் என்று சொன்னது நான்தான். அடக்கம் செய்ய வேண்டிய மையத்தைக் காக்க வைக்கக் கூடாது என்று அத்தா மற்றவர்களுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பார், அவருக்கு மட்டும் நாம் மாற்றிச் செய்ய முடியுமா. சாயங்காலம் அசர் தொழுகைக்குக் கொண்டுபோனார்கள், சின்னத்தா குழியில் இறங்கினார், எல்லாம் முறையாக நடந்தது. எந்தப் பிளேனைப் பிடித்திருந்தால் எப்போது வந்திருக்கலாம் என்று இனிமேல் கணக்குப் போடாதே, எதில் வந்திருந்தாலும் அசருக்கு வந்திருக்க முடியாது. தங்கச்சி படிப்பு நின்றதும் என்னால்தான் என்கிறாய். அத்தாவுக்குக் கைகால் விழுந்தபோது தூக்கி உட்கார வைக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது, பத்தாவதோடு இவள் நின்றாள், அவர் கடைசிவரைக்கும் இவள் கையில்தான் தண்ணீர் குடித்தார். அதை யாரும் குறையாகப் பேச வேண்டாம். எழிலின் சென்டரில் பொற்கொடி என்று ஒரு டீச்சர் பெண்களுக்கு மட்டும் காலையில் கிளாஸ் எடுக்கிறாராம், பெருநாள் கழித்துப் போ என்று சொல்லியிருக்கிறேன். இவள் குனிந்துகொண்டு இதையும் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

வரட்டுமா வேண்டாமா, ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா என்று கேட்கிறாய். அத்தா இருந்த கட்டில் இன்னும் அதே இடத்தில் கிடக்கிறது, ராத்திரி திரும்பிப் படுத்தால் அதுதான் கண்ணில் படுகிறது. என் மனசைக் கேட்டால் இன்றைக்கே கிளம்பு என்றுதான் சொல்லும். அதனால்தான் கண்ணு, இந்த ஒரு விஷயத்தில் மட்டும் என் மனசைக் கேட்காதே. அழுகையோடு எழுதுகிற ராஜினாமாவை அழுகை நின்ற பிறகு திருப்பி வாங்க முடியாது. பாத்திரக் கடையில் உனக்கு ஆசை என்று அத்தாவோ நானோ ஒருநாளும் பார்த்ததில்லை, மூடிக்கும் தட்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் பில் போட்டு அவரைச் சிரிக்க வைத்தவன் நீ. துக்கத்தில் வந்து அதில் உட்கார்ந்துவிட்டு, நாலு வருஷம் கழித்து அந்தச் சலிப்பை என்மேலோ சின்னத்தாமேலோ காட்டும்படி ஆகிவிடக் கூடாது.

அதனால் லீவு கேள். மாசியில் என் இத்தா முடிகிற அன்றைக்கு நீ இங்கே இருக்கிற மாதிரி வா. அன்றைக்கு இந்த வாசல்படியைத் தாண்ட எனக்குக் காலெழும் என்று தோன்றவில்லை, கையைப் பிடித்துக்கொள்ள நீ வேண்டும். அத்தாவை அடக்கிய கபருக்குப் போ, அங்கே எவ்வளவு நேரம் அழ வேண்டுமோ அழு, யாரும் உன்னை எழுப்ப மாட்டார்கள். கடையில் சின்னத்தாவோடு உட்கார்ந்து பார், ஏதாவது கேட்க வேண்டுமென்றால் அவரையே நேராகக் கேள், உனக்குத் தெரியாமல் அவர் ஒரு ஸ்பூனைக்கூட இடம் மாற்றுகிறவர் இல்லை. ஆனால் திரும்பிப் போகிற டிக்கெட்டும் சேர்த்து வாங்கிக்கொண்டு வா. லீவு முடிகிற அன்றைக்கும் அம்மா நான் இங்கேயே இருக்கிறேன் என்று நீ சிரித்த முகத்தோடு சொன்னாயானால், அந்த டிக்கெட்டை நானே என் கையால் கிழித்துப் போடுகிறேன்.

லீவு கிடைத்ததா என்று மத்தியானம் படிக்கிற மாதிரி ஒரு வரி அனுப்பு. ஒன்றாம் தேதி உலகத்தில் இருக்கிற கம்ப்யூட்டரெல்லாம் நின்றுபோகும் என்று சின்னத்தா பேப்பரில் படித்துவிட்டு இரண்டு நாளைக்குப் பெட்டியைத் தொடவிட மாட்டேன் என்கிறார், அதனால் உடனே பதில் வராவிட்டால் மறுபடியும் மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. சஹருக்குச் சோறு வடித்துச் சாப்பிடு, காதுக்குத் துணி கட்டிக்கொண்டு வெளியே போ. அல்லாஹ் உன் மனசுக்கு ஆறுதலையும் சம்பாத்தியத்தில் பரக்கத்தையும் தந்து, உன்னைப் பத்திரமாக என் கண்ணில் காட்டுவானாக, ஆமீன்.

உன் வரவுக்கு துஆ செய்துகொண்டிருக்கும்
அம்மா
உம்மல் குல்சும்

அண்ணே, அம்மா சொன்னதையெல்லாம் எழுதிவிட்டேன். அம்மா சொல்லாதது ஒன்று இருக்கிறது. உங்கள் மெயிலையெல்லாம் தினமும் இஃப்தாருக்கு முன்னால் முதலிலிருந்து படிக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். டிக்கெட் எடுங்கள்.
சமீரா