வேதியியலில் உன் பாதி

ஜூன் 20

அன்புள்ள சோடாபுட்டிக்கு,

நீ ஊரைக் காலி செய்துகொண்டு போய் இரண்டு வாரம் ஆகிறது. பெஞ்சில் உன் இடத்தில் இப்போது என் பை உட்கார்ந்திருக்கிறது. உன்னைவிட அதற்கு வாய் கம்மி. பிரசவ விடுப்பில் போன வேதியியல் டீச்சர் இன்னும் வரவில்லை. அவருக்குப் பதில் வருவது விளையாட்டு வாத்தியார். "சந்தேகம்னா புத்தகத்தையே கேளுங்க, என்னைக் கேக்காதீங்க" என்று சொல்லிவிட்டுக் கொட்டாவி விடுகிறார்.

என்னிடம் இருப்பதோ பாதிப் புத்தகம். என்னுடையது மழையில் கூழாகிப் போனதிலிருந்து உன்னுடையதைத்தானே பங்கு போட்டுப் படித்தோம்! கிளம்பும் அன்று நாம் அதை நடுவில் கிழித்ததும், உன் அம்மா "பைத்தியங்களா, படிக்கிற புத்தகத்தைக் கிழிப்பாங்களா!" என்று திட்டிக்கொண்டே சிரித்தார்களே, அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

ஒப்பந்தத்தை மறந்துவிடாதே. அணு, தனிம அட்டவணை, அமிலம், காரம் என் பாடு. மோல், கரைசல், ஆக்ஸிஜனேற்றம், கார்பன் உன் பாடு. அவரவர் பாதியைப் படித்து மற்றவளுக்கு எழுத வேண்டும். மார்ச்சில் நீ அங்கே, நான் இங்கே, ஒரே கேள்வித்தாள். அப்புறம் மேல்வகுப்பு, அப்புறம் நர்சிங், ஒரே விடுதியில் ஒரே அறை. சரி, இந்த மோல் என்றால் என்னடி?

உன்
லிட்மஸ்

ஜூலை 9

அடியே லிட்மஸ்,

யாராவது ஒரு வார்த்தை சொன்னால் போதும், உடனே முகம் சிவந்துவிடும் என் செல்லமே, நலமா?

மோலைப் பார்த்துப் பயப்படாதே. டஜன் என்றால் பன்னிரண்டு. அதேபோல மோல் என்பதும் ஒரு எண்ணிக்கைதான், ரொம்பப் பெரிய எண்ணிக்கை. ஒரு டஜன் வாழைப்பழமும் ஒரு டஜன் கடுகும் ஒரே எடையா இருக்கும்? இருக்காது. ஆனால் இரண்டும் பன்னிரண்டுதான். அவ்வளவுதான் விஷயம். கணக்குகளைத் தனித்தாளில் போட்டிருக்கிறேன்.

அப்பாவுக்குக் கிடங்கு வேலை பழகிவிட்டது. அம்மாவுக்குத்தான் அடிக்கடி தலை சுற்றுகிறது. புது ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை போல.

சோடாபுட்டி

அக்டோபர் 2

அன்புள்ள சோடாபுட்டி,

கரைசல் பாடம் வந்தது. "தினமும் தண்ணீரில் குளுக்கோஸ் கலக்குகிறேன். ஒரு அளவுக்கு மேல் கரையாமல் அடியில் தங்கும், அதுதான் தெவிட்டிய கரைசல்" என்று எழுதியிருந்தாய். விளையாட்டு வாத்தியாருக்கே புரிந்துவிட்டது! ஆனால் யாருக்குத் தினமும் குளுக்கோஸ்?

இன்னொரு குறை. நான் இதுவரை இரண்டு பாடம் அனுப்பிவிட்டேன். நீ ஒரு சந்தேகம்கூடக் கேட்கவில்லை. கால்புள்ளி விட்டுப்போனால்கூடச் சண்டைக்கு வருகிறவள் நீ. புது ஊரில் புதுத் தோழி கிடைத்துவிட்டாளா? அமிலம், காரம் பாடத்தைத் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். படித்துவிட்டு எழுது.

லிட்மஸ்

அக்டோபர் 19

அன்பு லிட்மஸ்,

அமிலம், காரம் நன்றாகப் புரிந்தது. ரொம்பத் தெளிவாக எழுதியிருக்கிறாய். சந்தேகமே இல்லை. தோழியாவது ஒன்றாவது, போடி. ஆக்ஸிஜனேற்றம் அடுத்த வாரம் வரும்.

சோடாபுட்டி

அக்டோபர் 27

சோடாபுட்டி,

நான் அனுப்பிய தாளை எடுத்து இரண்டாவது வரியைப் படி. அமிலம் சிவப்பு லிட்மஸை நீலமாக்கும் என்று எழுதியிருக்கிறேன். வேண்டுமென்றேதான் எழுதினேன். அமிலத்தில் நீலம்தான் சிவப்பாகும். லேபில் சிவந்த லிட்மஸ் தாளை என் கன்னத்தோடு வைத்துப் பார்த்து எனக்கு இந்தப் பெயர் வைத்தவளே நீதான். இந்தத் தப்பை உன்னால் தாண்டிப் போகவே முடியாது.

நீ படிக்கவில்லை. ஏன்? என் மேல் ஏதாவது கோபமா? மழுப்பாமல் சொல்லு. எனக்கு அழுகை அழுகையாக வருகிறது.

லிட்மஸ்

நவம்பர் 11

லிட்மஸ்,

உன் மேல் எனக்கு என்னடி கோபம்?

ஆகஸ்டில் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது, குளுக்கோஸ் புகட்டுவது எல்லாம் நான்தான். அப்பா அதட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவர் சமையலறை வாசலில் நின்று, "உன்னை விட்டா எனக்கு யாரும்மா இருக்கா?" என்று கெஞ்சினார். மறுவாரமே பள்ளியில் என் பெயரை எடுத்துவிட்டோம்.

உன் கடிதங்களைப் பத்துத் தடவை படிப்பேன். பாடத் தாள்களை மட்டும் பிரிக்காமல் அலமாரியில் வைத்துவிடுவேன். படித்தால் ஆசை வந்துவிடும். என் பாதியை உனக்காகப் படித்தேன், உனக்காக எழுதினேன். அதை எழுதுகிற நேரம் மட்டும் நான் இன்னும் பள்ளிக்கூடத்தில் இருப்பது போல இருக்கும். உன்னிடம் பொய் சொன்னதற்குத் திட்டிக்கொள்.

சோடாபுட்டி

நவம்பர் 20

என் சோடாபுட்டி,

யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. அம்மாவின் காலடியில் நான் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளச் சொல்லு.

இந்தப் பார்சலில் என் பாதிப் புத்தகம் இருக்கிறது. எனக்கு அது தலைகீழ்ப் பாடம், கவலைப்படாதே. தனித்தேர்வராகப் பதிவு செய்ய அடுத்த மாதக் கடைசி வரை நேரம் இருக்கிறது. அம்மா தூங்கும்போது படி. உன் கால் பிடித்துக் கேட்கிறேன், எழுது. நீ இல்லாமல் எனக்கு அந்தப் பரீட்சை வேண்டாம்.

லிட்மஸ்

ஜனவரி 30

லிட்மஸ்,

பதில் தாமதம், மன்னித்துக்கொள்.

பார்சலைப் பார்த்திருப்பாய். இரண்டு பாதியையும் கோணி ஊசியால் சேர்த்துத் தைத்துவிட்டேன். தையல் கோணல்தான், ஆனால் பிரியாது. முழுப் புத்தகம் உன்னிடம் இருக்கட்டும்.

தைப்பதற்காகப் பக்கங்களை வரிசைப்படுத்தியபோது உன் பாதியை முழுக்கப் படித்துவிட்டேன். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நிறுத்தியபோதெல்லாம் இடது கையால் அவளே பக்கத்தைத் திருப்பினாள். எல்லாம் புரிந்ததுடி. புரியாமல் போயிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

நான் பதிவு செய்யவில்லை. பரீட்சை நாட்களில் அம்மாவை யாரிடம் விட்டுப் போவேன்? துணைக்கு ஒரு ஆள்கூட இல்லை.

நீ நன்றாக எழுது. மேல்வகுப்புப் பாடம் எதுவும் எனக்குத் தெரியாது. உனக்குத் தர என்னிடம் இனி பாதி இல்லை. தபால்காரர் வரும் நாளெல்லாம் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது, தாங்க முடியவில்லை. இதோடு நிறுத்திக்கொள்வோம்.

என்றும் உன்
சோடாபுட்டி

ஜூன் 14

அன்புள்ள சோடாபுட்டிக்கு,

பிப்ரவரியிலிருந்து மூன்று கடிதம் போட்டேன். எதற்கும் பதில் இல்லை. அம்மா எப்படி இருக்கிறார்கள் என்றாவது ஒரு வரி எழுதியிருக்கலாம்.

தேர்வு முடிவு வந்துவிட்டது. நான் பாஸ். மோல் கணக்கு ஐந்து மதிப்பெண்ணுக்கு வந்தது. வாழைப்பழம், கடுகு என்று நீ சொல்வது போலவே காதில் கேட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினேன். மேற்பார்வையாளர், "என்னம்மா, கேள்வி கஷ்டமா?" என்று கேட்டார். "இல்ல சார், சுலபம்" என்றேன்.

மேல்வகுப்பு வேதியியல் புத்தகம் வாங்கியிருக்கிறேன். போன வருடத்துப் புத்தகத்தைவிடத் தடிமன். முதல் பாதியைப் படிக்க ஆரம்பித்துவிட்டேன். இரண்டாம் பாதியை இன்னும் திறக்கவில்லை. நீ பரீட்சை எழுத வேண்டாம், எனக்குப் பாடம் எழுதி அனுப்பவும் வேண்டாம்.

நடுவில் கிழிக்கட்டுமா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லு.

உன்
லிட்மஸ்