தங்கை நடந்த அப்பாவின் நடை

அன்புள்ள மகனுக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். இங்கே நாங்கள் மூவரும் நன்றாக இருக்கிறோம், நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும். என் வலது தோள் இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது, கையைக் காதுக்கு மேலே தூக்க முடியவில்லை, பேனா பிடித்தால் நாலாவது வரியில் விரல் மரத்துப்போகிறது, அதனால்தான் இவளை உட்காரவைத்தேன். நான் திட்டுகிற இடங்களில் இவள் பேனா சீக்கிரம் நின்றுவிடுகிறது, பாதியை முழுங்குகிறாள் என்று தெரிகிறது, ஆகவே நீ படிக்கும்போது எல்லாவற்றையும் இரண்டு மடங்காக்கிப் படித்துக்கொள். நீ அனுப்பிய ஓட்டப் பந்தயப் படம் வந்தது. இருபத்தோரு கிலோமீட்டர் ஓடினாயாம், யாரும் துரத்தவும் இல்லையாம். தெருமுனைக் கடைக்குப் போய் ஒரு தீப்பெட்டி வாங்கி வா என்றால் கால் வலிக்கிறது என்று கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்ட பிள்ளை நீதானா என்று படத்தை வெளிச்சத்தில் வைத்து வைத்துப் பார்த்தேன். காது அப்படியே இருக்கிறது, நீதான். அந்த அரைக்கால் சட்டையை மட்டும் இன்னும் ஒரு சாண் நீளமாக வாங்கியிருக்கலாம், பக்கத்து வீட்டுத் தையல்காரி பார்த்துவிட்டுத் துணி போதவில்லையா என்று கேட்டாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்ச நாளாக நீ போன் மேல் போன் போட்டு, தினமும் ஒன்பதாயிரம் அடி நடந்த அப்பா எப்படித் திடீரென்று அறுநூறுக்கு வந்தார், உடம்புக்கு என்ன, மறைக்காதீர்கள் என்று கேட்கிறாய். அவர் ஒரு நாள் பாட்டரி சரியில்லை என்கிறார், ஒரு நாள் பட்டை தளர்ந்துவிட்டது என்கிறார், சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுகிறார். போன் அவர் மடியிலேயே குடியிருப்பதால் நான் வாய் திறக்க வழியில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். பயப்படாதே. உன் அப்பா நடப்பதை நிறுத்தவில்லை. நிறுத்துவதற்கு முதலில் ஆரம்பித்திருக்க வேண்டும்.

அப்பாவின் பிறந்தநாளுக்கு நீ அடியையும் நாடியையும் எண்ணி உன் போனுக்குச் சொல்லும் கைப்பட்டையை அனுப்பினாய் அல்லவா, அது வந்த அன்று அவர் கட்டிக்கொண்டு வாசல் வரை போய்த் திரும்பினார், நாற்பத்திரண்டு என்று காட்டியது, பெருமூச்சு விட்டு உட்கார்ந்தார். முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவர், உட்கார்ந்தபடியே உலகத்தைப் பல சுற்றுச் சுற்றியவர், அவரைப் போய் இறங்கி நடக்கச் சொன்னால் அவருக்கு அது மரியாதைக் குறைவாகப்படுகிறது. மறுநாள் பட்டையை மேசை விசிறியின் கழுத்தில் கட்டி, விசிறி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்புவதை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பதினான்கு அடி. விசிறிக்கே நடக்க இஷ்டமில்லை. அப்புறம் நான் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் போர்வை உதறுகிறவள்தானே என்று என் கையில் கட்டப் பார்த்தார், தோள் வலியில் நான் என்ன சொன்னேன் என்பதை இவள் எழுத மாட்டாள். கடைசியில் அது உன் தங்கை கைக்கு வந்தது. இது மோசடி இல்லையா என்று கேட்டேன். அதற்கு அவர், டிப்போவில் பாதி வழியில் டிரைவர் மாறினால் மீட்டர் என்ன மறுபடியும் சைபரிலிருந்தா தொடங்குகிறது என்று என்னைக் கேட்டார். “கிலோமீட்டர் வண்டியோடது, டிரைவரோடது இல்ல. வண்டி ஓடினாப் போதும், யார் ஓட்டினா என்ன?” அதாவது நீ அனுப்பிய பட்டைதான் வண்டி, உன் தங்கை மாற்று டிரைவர், உன் அப்பா வீட்டில் இருந்தபடியே டியூட்டி முடிக்கிறவர். இப்படி ஒரு நியாயம் வேறு எந்த வீட்டிலாவது நடக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

உன் தங்கையைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன், நீ பார்த்து மூன்று வருஷம் ஆகிறது. சலவைக் கடையில் தேய்த்த துணிகளை அடுக்குமாடி வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. லிஃப்டில் ஏறினால் யாராவது பேச்சுக் கொடுத்துவிடுவார்கள் என்று ஐந்து மாடியும் படியிலேயே ஏறுகிறாள். தெருவில் ஒருவர் முகத்தைக் காட்டிக் கேட்டால் யாரென்று தெரியாது, செருப்பைக் காட்டினால் வீட்டு எண் வரை சொல்வாள். இப்படிப்பட்டவள் கையில் பட்டை ஏறியதும் உனக்கு ஏழாயிரம் சும்மா வந்தது. மீதி இரண்டாயிரத்துக்கு உன் அப்பா அவளைத் தினமும் மாலையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கிற மைதானத்தைச் சுற்றி வர அனுப்பினார். ஓரமாக, தலையைக் குனிந்துகொண்டு, மதில் சுவரை உரசுகிற மாதிரி சுற்றினாள்.

அந்த மைதானத்தில் மாலை ஐந்து மணிக்குப் பெண்கள் கைப்பந்து விளையாடுகிறார்கள். பெண்கள் என்றதும் சிறுசுகள் என்று நினைத்துவிடாதே, இருக்கிறதிலேயே இளையவளுக்கு முப்பத்தாறு. தையல்காரி மூக்குக் கண்ணாடியை எலாஸ்டிக் போட்டுத் தலையோடு கட்டிக்கொண்டு வருவாள். மருந்துக்கடைக்காரம்மா ஒவ்வொரு சர்வீஸுக்கும் பிறகு தன் நாடியைத் தானே பிடித்துப் பார்ப்பாள். நாலு வருஷமாக வீட்டில் ஒருவருக்கொருவர் பேசாத ஓரகத்திகள் இரண்டு பேர், மைதானத்தில் மட்டும் விடு எனக்கு, விடு எனக்கு என்று கத்துவார்கள், ஆட்டம் முடிந்ததும் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டு ஒரே வீட்டுக்குத் தனித்தனியாகப் போவார்கள். இவர்களையெல்லாம் மேய்ப்பது விசிலக்கா. உன் அப்பாவின் பஸ்ஸில் பதினொரு வருஷம் கண்டக்டராக இருந்தாளே, அவளேதான். ஓய்வு பெற்றபோது எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தவள் விசிலை மட்டும் கொடுக்கவில்லை. பன்னிரண்டு நாள் உன் தங்கை சுவரோரமாகச் சுற்றியிருக்கிறாள், பதின்மூன்றாம் நாள் பந்து இவள் காலடிக்கு உருண்டு வந்திருக்கிறது. எடுத்து எறியாமல், அவர்கள் செய்வதைப் போலவே இரண்டு கையையும் சேர்த்துத் தட்டியிருக்கிறாள், அது நேராக நெட்டைத் தாண்டிப் போய் விழுந்திருக்கிறது. விசிலக்கா ஒரு விசில் அடித்து, “யாரு அது செருப்பைப் பாத்துக்கிட்டு நிக்கிறது, உள்ள வா” என்று கூப்பிட்டாளாம். போனாள். அன்றைக்கு அவள் வீட்டுக்கு வந்தபோது முழங்கை சிவந்திருந்தது, முகமும் சிவந்திருந்தது, என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு என் முகத்தைப் பார்த்து ஒன்றுமில்லை என்றாள். முகத்தைப் பார்த்து.

நான் என்ன செய்தேன் தெரியுமா, கிண்டல் செய்தேன். பந்தை அடிக்கிற நேரத்தில் ரெண்டு வாளித் தண்ணீர் பிடித்து வைக்கலாமே என்றேன், அந்தக் கிழவிகளோடு குதித்தால் உனக்கும் சீக்கிரம் நரைக்கும் என்றேன். அவள் தண்ணீரையும் பிடித்து வைத்துவிட்டு விளையாடவும் போனாள். நெட்டுக்குப் பக்கத்தில் அவளை நிறுத்தினார்கள், குதித்தால் மற்றவர்கள் தலைக்கு மேலே இவள் இடுப்பு தெரிகிறதாம். வருகிற பதினான்காம் தேதி மார்க்கெட் டீமோடு மேட்ச் என்று வைத்தார்கள்.

இங்கேதான் நீ வருகிறாய் ராசா. உன் போனில் அப்பாவின் நாடித்துடிப்பு மாலை ஐந்திலிருந்து ஆறு வரை எகிறுவதைப் பார்த்துவிட்டு, அப்பா மெதுஓட்டம் ஆரம்பித்துவிட்டார் என்று நீ பூரித்துப்போனாய். உன் ஆபீசில் எல்லோருக்கும் காட்டினாய். அறுபத்திரண்டு வயதில் இப்படி ஒரு அப்பா என்று எழுதினாய். அதோடு விட்டாயா, அந்தக் கோடுகளை எல்லாம் இங்கே சர்க்கரை டாக்டருக்கு அனுப்பினாய், அவரும் பார்த்து மகிழ்ந்து, இவ்வளவு உழைக்கிற உடம்புக்கு ராத்திரி மாத்திரை வேண்டாம் என்று நிறுத்திவிட்டார். உன் அப்பா அதையும் வாங்கிக்கொண்டார். ஒரு நாளாவது நீ, அப்பா எந்த வழியாக ஓடினீர்கள், யாரைப் பார்த்தீர்கள் என்று கேட்டிருந்தால் இரண்டாவது கேள்வியில் மாட்டியிருப்பார். நீ எண்ணை மட்டும் கேட்டாய், அவர் எண்ணை மட்டும் சொன்னார். இரண்டு வாரத்தில் சர்க்கரை ஏறி அவர் ஜாடி ஜாடியாகத் தண்ணீர் குடித்தார், குடித்ததற்கெல்லாம் எழுந்து எழுந்து போனார், அந்த ஒரு நடைதான் நிஜமாக அவர் நடந்தது. உண்மையைச் சொல்லுங்கள் என்று சண்டை போட்டேன், பிள்ளை சந்தோஷமாக இருக்கிறான், கெடுக்காதே என்றார்.

இதெல்லாம் பக்கத்து அறையில் இருந்தவளுக்குக் கேட்டிருக்கிறது. மறுநாள் ஐந்து மணிக்கு அவள் கிளம்பவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. பட்டையைக் கழற்றி அப்பாவின் மூக்குக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, மடித்த துணியை மறுபடி மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். என்னடி என்றேன். “நான் குதிச்சா அப்பாவுக்கு மாத்திரை குறையுதும்மா. நான் போகல” என்றாள். அவ்வளவுதான், அழவில்லை, கோபப்படவில்லை. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அப்பாவுக்குக் காலில் புண் ஆபரேஷன் நடந்தபோதும் இதே இடத்தில் நின்றுதான், அப்பாவைப் பார்த்துக்க ஆள் வேணும், நான் பள்ளிக்கூடம் போகல என்றாள். அன்றைக்கு எனக்கு வேலை இருந்தது, நீ தூரத்தில் இருந்தாய், சரி என்று சொல்லிவிட்டேன். கால் ஆறிவிட்டது, ஒன்பதாம் வகுப்புப் புத்தகங்கள் இன்னும் பரணில் இருக்கின்றன. யாரும் கேட்காமலே ஒரு பெண் தன்னுடையதைத் திருப்பிக் கொடுப்பதை ஒரு தடவை பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன், இன்னொரு தடவை முடியாது. இதை எழுத இவள் யோசிக்கிறாள், எழுது என்று சொல்லியிருக்கிறேன்.

அன்று மாலையே உன் அப்பா முன்னால் போய் நின்று அவள் சொன்னதை அப்படியே சொன்னேன். கையில் தண்ணீர் ஜாடியோடு உட்கார்ந்திருந்தவர் ஜாடியைக் கீழே வைத்தார். காலையில் தானாகச் சட்டை போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றார். டாக்டரிடம் டிப்போ, வண்டி, மாற்று டிரைவர் எல்லாவற்றையும் அவரே ஒப்புக்கொண்டார், நான் நடுவில் திருத்தம் மட்டும் சொன்னேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் அந்தக் கோடுகளைப் பார்த்தார். ரத்தம் எடுத்தார், மாத்திரையைத் திரும்ப எழுதினார், அவரும் கேட்காமல் நம்பியதற்கு வருத்தப்பட்டார். இந்தத் துடிப்பு யாருடையதோ அவரை விளையாட்டை விடச் சொல்லாதீர்கள் என்று கிளம்பும்போது சொன்னார்.

ஆனால் உன் அப்பாவுக்கு நாளையிலிருந்து நடக்கிறேன் என்பது ஒரு நல்ல வாக்கியம், அதைத் தினமும் சொல்லலாம். உன் தங்கையும் அசையவில்லை, டாக்டர் சொன்னார் என்றேன், சரிம்மா என்றாள், துணி மடித்தாள். நாலாம் நாள் நெட்டுக்குப் பக்கத்தில் ஆள் இல்லாமல் விசிலக்காவே தேடிக்கொண்டு வந்துவிட்டாள். வாசலில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் உள்ளே வரவில்லை, வாசற்படியில் நின்றபடி நாற்காலியில் இருந்த உன் அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள், விசிலை எடுத்து இரண்டு தடவை அடித்தாள். ஒரு விசில் என்றால் நில், இரண்டு என்றால் புறப்படு, பதினொரு வருஷம் அவர் காதில் விழுந்த சத்தம் அது. நீ பார்த்திருக்க வேண்டும். இடது கால் இல்லாத கிளட்சை மிதித்தது, கை இல்லாத கியரைத் தேடியது, அதற்குள் ஆள் எழுந்து நின்றுவிட்டார். எழுந்த பிறகுதான் ஏன் எழுந்தோம் என்று யோசித்தார். “வண்டியை எடுங்க சார், லேட்டாயிடுச்சு” என்று சொல்லிவிட்டு அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். இவர் வீட்டுச் செருப்போடு பின்னாலே போனார். வழியில் தலை சுற்றினால் பிடிக்க ஆள் வேண்டுமே என்று உன் தங்கை அவர் பின்னாலே ஓடினாள், நான் கதவைப் பூட்டிக்கொண்டு அவள் பின்னாலே போனேன். மைதானத்துக்குள் போனதும் ஒரு விசில், இவர் கல் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றார், உட்கார்ந்தார். விசிலக்கா உன் தங்கைக்கு நெட்டைக் கைகாட்டினாள். அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் சட்டைப் பையில் இருந்த கண்ணாடிப் பெட்டியிலிருந்து பட்டையை எடுத்துத் தன் கையில் தானே கட்டிக்கொண்டு, “போம்மா, இது என் வண்டி” என்றார்.

அதிலிருந்து தினமும் போகிறார். மைதானத்தைச் சுற்றி ஒவ்வொரு விளக்குக் கம்பத்திலும் நின்று நின்று புறப்படுகிறார், ஏறுகிறவர்கள் இறங்குகிறவர்கள் யாரும் இல்லை, இருந்தாலும் எல்லா ஸ்டாப்பிலும் நிற்கிறார். முதல் நாள் அறுநூறு, நேற்றுத் தொள்ளாயிரத்துப் பத்து. நான் ஓரமாக உட்கார்ந்து பார்ப்பதோடு சரி, இந்தத் தோளை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும். ஆகவே இனிமேல் உன் போனில் சின்ன எண் வந்தால் பதறாதே, அதுதான் உன் அப்பாவுடையது. பெருமைப்படுவதாக இருந்தால் அதற்குப் பெருமைப்படு, ஆபீசிலும் காட்டு.

நீ ஓடு, ஆனால் ஓடி முடித்ததும் ஒன்றும் சாப்பிடாமல் படம் எடுத்துக்கொண்டிருக்காதே. நீ எப்போதும் தேக ஆரோக்கியத்தோடும் நல்ல புத்தியோடும் இருக்க அம்மாவின் ஆசிகள். மறக்காமல் ஒன்று செய்ய வேண்டும், இனிமேல் எண்ணுகிற சாமான் எதுவும் அனுப்பாதே. உன் தங்கைக்கு ஒரு ஷூ அனுப்பு, செருப்போடு குதித்துக் கட்டைவிரல் நகம் பெயர்ந்திருக்கிறது. இதை அவள் கேட்கவில்லை, நான் கேட்கிறேன். அளவை எழுதடி என்றால் பேனாவை மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், நீயே போனில் கேட்டுக்கொள்.

இப்படிக்கு,
உன் அம்மா
(எழுத்து அவளுடையது, கோபம் என்னுடையது)

அண்ணா, இது அம்மா சொல்லாதது, ஒட்டுவதற்கு முன்னால் எழுதுகிறேன். என் ஷூ அளவு முப்பத்தெட்டு. அம்மாவுக்கு முப்பத்தொன்பது. அம்மா ஓரமாக உட்காருவதில்லை, ஒரு வாரமாக இடது கையால் சர்வீஸ் போடுகிறாள், பத்தில் ஆறு நெட்டைத் தாண்டுகிறது. பதினான்காம் தேதி நாங்கள் இரண்டு பேரும் விளையாடுகிறோம்.