ஓக் பலகையில் கரும்புள்ளிகள்

மார்ச் 3, செவ்வாய்

வினிகரில் இரும்பு நார் ஊறி மூன்று நாளாகிவிட்டது. வடிகட்டி, மிச்சமிருந்த ஓக் மரத்துண்டில் தடவிப் பார்த்தேன். தடவும்போது வெறும் தண்ணீர் மாதிரிதான். கால் மணி நேரத்தில் மரமே சாம்பல் நிறமாகிவிட்டது, நாற்பது வருஷம் வெயிலிலும் மழையிலும் கிடந்த பலகைபோல. டிசைனர் பொண்ணு வீணா மூன்று போட்டோ எடுத்தது. பொம்மசந்திரா பட்டறைகளில் இதற்கு என்னை விட்டால் ஆள் இல்லை என்று சாப்பாட்டு நேரத்தில் பீற்றிக்கொண்டேன். வாய் சும்மா இருந்தால்தானே.

மார்ச் 5

எட்டுப் பேர் உட்காரும் மேசைப் பலகைக்குத் தடவினேன். சாம்பல் ஏற ஏற, ஒரு ஓரத்தில் மட்டும் கரும்புள்ளிகள், மிளகுத்தூள் சிந்தியதுபோல. பட்டறையே கூடிவிட்டது. என்ன ஆச்சு என்று வீணா கேட்டு முடிப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "கிளாம்ப் கறை. பசை ஈரத்துல இரும்பு பட்டிருக்கு."

பலகைகளைப் பசை போட்டு ஒட்டி, இறுக்கிப் பிடிக்க இரும்புக் கிளாம்ப் போட்டது ஆசாரி நாகேஷ். "ஹௌதா அக்கா?" என்றான். நிஜமா என்று கன்னடத்தில் கேட்கிறான். ஆமாம் என்றேன்.

மார்ச் 6

ஏப்ரன் பாக்கெட்டில் இருந்த தேய்க்கும் துணியை எடுத்து உதறினேன். இரும்பு நார் உருண்டை விழுந்தது.

தேக்குக்கு பாலிஷ் போட்ட காலத்துப் பழக்கம் — ஓரம் சொரசொரப்பாக இருந்தால் கை தானாக நாரை எடுத்துத் தேய்த்துவிடும். ஓக்கில் கூடாது. உதிரும் துணுக்கு ஒவ்வொன்றும் ஈரம் பட்டதும் கருத்துவிடும். எனக்குத் தெரியாதா? கிளாம்ப் கறை பட்டையாக விழும், புள்ளியாக விழாது. அதுவும் தெரியாதா? பார்த்த உடனேயே... ஐயோ, நேத்தே தெரியுமே எனக்கு.

மார்ச் 9

பலகையை இழைத்து மறுபடி தடவியாகிவிட்டது. நாகேஷை பேக்கிங்குக்கு அனுப்பிவிட்டார்கள். இந்த மாதம் அவனை வேலையில் நிரந்தரமாக்குவதாக இருந்தது. அதுவும் நின்றுவிட்டது.

மார்ச் 11

டீ நேரத்தில் நாகேஷ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். இரும்பு படாமல் இருக்க கிளாம்ப்புக்கு அடியில் பேப்பர் வைத்ததாகத்தான் ஞாபகமாம். அன்றைக்கு ஜுரமாக இருந்ததால் இப்போது அவனுக்கே சந்தேகமாம். என் வேலையைக் கெடுத்துவிட்டதாக என்னிடம் மன்னிப்புக் கேட்டான். டீயைக் குடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். நானெல்லாம் ஒரு மனுஷியா?

மார்ச் 12

இன்றும் சொல்லவில்லை.

மார்ச் 13

பஸ் ஸ்டாப்பில் அவனிடம் சொல்லிவிட்டேன். ஏப்ரன் பாக்கெட்டில் வைத்திருந்த நாரை எடுத்துத் தேய்த்தது, தெரிந்தே அவன்மேல் பழி போட்டது, எல்லாம். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது அக்கா? எல்லார் முன்னாடியும்தானே என்னைச் சொன்னீங்க. அங்கயே சொல்லுங்க."

பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டான். எனக்கும் அதே பஸ்தான். ஏறவில்லை.

மார்ச் 16, திங்கள்

காலையில் எல்லாரும் கூடி நிற்கும்போது சொன்னேன். வீணா ஒன்றுதான் கேட்டது, இத்தனை நாள் எப்படிச் சும்மா இருந்தீர்கள் என்று. வெட்கமாக இருக்கிறது, எழுதும்போதுகூட.

மார்ச் 24

நாகேஷ் பழைய இடத்துக்கு வந்துவிட்டான். நிரந்தர ஆர்டரும் கைக்கு வந்துவிட்டது. புதிதாக ஒட்டிய ஓக் பலகையை இன்று என் மேசையில் கொண்டுவந்து வைத்தான். வைத்துவிட்டுப் போகாமல் நின்றான்.

"ஏப்ரன் பாக்கெட்டைக் கொஞ்சம் காமிங்க அக்கா." மரியாதையாகத்தான் கேட்டான்.

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பாக்கெட்டையும் வெளியே இழுத்துக் காட்டினேன்.