பழைய கேசட்

பழவேற்காடு
12.7.1986

அன்புள்ள அண்ணனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

துபாயிலிருந்து நீங்கள் அனுப்பிய ராக் கேசட் வந்தது. உங்கள் பழைய கேசட்டில் உள்ள அதே பாட்டுகள், இரைச்சலை நீக்கிப் புதிதாகப் பதிந்தது என்று எழுதியிருந்தீர்கள். உண்மைதான், கிதார் அத்தனை தெளிவு.

ஆனால் வாப்பா பாதியில் நிறுத்தச் சொல்லிவிட்டார். இந்தப் பாட்டுக்காக உங்களை வீட்டைவிட்டே போகச் சொன்னவர் ஆயிற்றே, உடனே நிறுத்தினேன்.

"இது வேணாம். மெட்ராஸ் கச்சேரியில ஒங்கண்ணன் டேப் பண்ணானே, அதப் போடு."

"அதுல ஒரே இரைச்சல் வாப்பா."

"இருக்கட்டும். ரெண்டாவது பாட்டு முடிஞ்சதும் 'இன்னொரு தபா'ன்னு கத்துவான். அவன் கொரலு இதுல இல்லியே."

நீங்கள் போன இந்த ஆறு வருடமாக அதை எனக்குத் தெரியாமல் கேட்டிருக்கிறார்.

பெருநாளுக்கு வாருங்கள் அண்ணே. வாப்பா எழுதச் சொல்லவில்லை. ஆனால் இதைத் தபாலில் போட, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார்.

உங்கள் தங்கை